துணி தின்னும் ஆடு

ஆடு தங்கையின் மேசைக்கு வந்தபோது அதற்குத் தலை இல்லை. பின்னங்கால்களும் இல்லை.

துண்டுகளாக வருவது புதிதல்ல. அக்கா எந்த மிருகத்தையும் முதலில் கெட்டி மண்ணாகத்தான் செய்வாள். பிறகு கம்பியால் அறுப்பாள். தலை, கழுத்து, நெஞ்சு, வயிறு, கால்கள். ஒவ்வொன்றையும் ஈரத்துணியில் சுற்றித் தங்கையிடம் தருவாள். தங்கை உள்ளே குடைந்து, சுண்டுவிரல் தடிமனுக்குச் சுவர் விட்டு, மிச்ச மண்ணை வாளியில் போடுவாள். அக்கா மண்கூழைத் தடவித் துண்டுகளை மறுபடி ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் தேய்த்துவிடுவாள். குடையாமல் விட்டால் சூளையில் வெடித்துவிடும். ஆரம்ப காலத்தில் ஒரு கரடி அப்படித்தான் வெடித்தது. போகிற போக்கில் பக்கத்தில் இருந்த இரண்டு கொக்குகளையும் கூட்டிக்கொண்டு போனது.

குடைவதற்கு ஒரு பதம் உண்டு. மண் சோப்புக்கட்டி மாதிரி இருக்க வேண்டும். அதற்கு முன்னால் தொட்டால் நசுங்கும். அதைத் தாண்டிக் காய்ந்துவிட்டால் வளையக் கம்பி உள்ளே இறங்காது. அந்த மிருகம் அவ்வளவுதான். அக்காவுக்கு இந்த வேலை வராது. அவள் குடைந்தால் ஓர் இடம் ஓட்டையாகும், இன்னோர் இடம் செங்கல்லாக நிற்கும்.

"தலை எங்கக்கா?"

"அத நான் பாத்துக்கறேன்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. பொறுமை எங்க இருக்கு?"

அக்கா சிரித்தாள். "போடி. வயித்தக் குடை. இப்பத்தான் குட்டி போட்ட ஆடு. வயிறு தொங்கணும். ரொம்ப மெல்லிசா எடுத்துடாத."

தங்கை வயிற்றைக் குடைந்தாள். பெரிய வயிறு. முழங்கை வரை உள்ளே போனது. மண் சுருள் சுருளாக வந்து மடியில் விழுந்தது. நல்ல மண், நல்ல பதம். பாட்டு முணுமுணுத்தபடி வேலையை முடித்தாள். பின்னங்கால்களைப் பற்றி அவள் கேட்கவில்லை. அக்கா எதையாவது செய்து ஓட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அக்கா ஓட்டை போட்டுக்கொண்டு வரவில்லை. ஆட்டை முழுசாக ஒட்டியதைத் தங்கை பார்க்கவும் இல்லை. ஒரு நாள் வந்தபோது சூளை மூடியிருந்தது. இன்னொரு நாள் வந்தபோது பெட்டி கட்டியிருந்தது.

அக்காவின் மிருகங்களுக்குப் பேர் இருந்தது. காதில் விழாத மாதிரி நடிக்கும் நாய். யாரோ தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று திரும்பும் வாத்து. தப்புச் செய்துவிட்டு நிற்கும் கழுகு. உடம்பு மிருகத்தின் உடம்புதான், ஒரு ரோமம் கூடக் குறையாது. நிற்கிற நிலை மட்டும் மனுஷ நிலை. பேட்டி எடுக்க வந்தவர்களிடம் அக்கா ஒன்றையே சொல்வாள். "மனுஷ மூஞ்சில துக்கத்தப் போட்டா பாக்கறவன் நகந்து போயிடறான். அதையே ஒரு கழுதைக்குக் குடுங்க. கிட்ட வந்து குனிஞ்சு பாப்பான்."

குடும்பத்துக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகியிருந்தது. ஒவ்வொரு கண்காட்சியிலும் ஒவ்வொரு மிருகத்தின் முன்னாலும் நின்று, இது யாரு என்று கேட்பார்கள். வான்கோழி மாமா. கண்டுபிடித்தவுடன் மாமா அலுவலகத்து ஆட்களையெல்லாம் கூட்டி வந்து, அதன் பக்கத்தில் அதே மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்று காட்டினார். "மூக்குதான் கொஞ்சம் ஓவர்" என்பது மட்டுமே அவருடைய குறை. ஒரு கண்ணைத் திறந்துகொண்டு தூங்கும் பெட்டைக்கோழி அம்மா. அம்மா ஒரு வாரம் பேசவில்லை, பிறகு அதன் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டாள்.

தங்கை மட்டும் எதிலும் வந்ததில்லை. ஒரு தடவை கேட்டும் பார்த்தாள்.

"என்ன மட்டும் ஏன்க்கா பண்ண மாட்டேங்கற?"

"உன்கிட்ட பண்ண என்னடி இருக்கு? நீ பசு. பசுவ எவன் வந்து பாப்பான்?"

தங்கை சிரித்தாள். ஆனால் காரணம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். தன்னிடம் பண்ணுவதற்கு ஒன்று இருந்தது. அதைப் பண்ண மாட்டேன் என்று அக்கா தனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். அது மரியாதை. அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அது தங்கைக்கு மகள் பிறந்த புதிது. கணவனுக்கு வெளியூர் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். சமையலறைத் தரையில் பாய் போட்டுக் குழந்தையைப் படுக்க வைத்திருந்தாள். காலையிலிருந்து அழுகை. பால் கொடுத்தால் அழுகை, தூக்கினால் அழுகை, கீழே விட்டால் அழுகை. மத்தியானம் ஆனபோது அவள் குழந்தையைப் பாயில் விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றாள். அடிக்கவில்லை. கத்தவில்லை. திரும்பி நின்றாள், அவ்வளவுதான். சின்ன வயசிலிருந்தே ஒரு காலைத் தூக்கி மற்ற காலின்மேல் வைத்துக்கொண்டு நிற்பது அவள் வழக்கம். "ரெண்டு காலையும் ஊனி நில்லுடி" என்று அம்மா கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். வீட்டில் அவள் பெயரே ஒத்தக்கால் என்றாகியிருந்தது. அன்றும் அப்படித்தான் நின்றாள்.

கையில் பாத்திரம் துடைக்கிற துணி இருந்தது. அதை நாலாக மடித்து வாயில் வைத்துக் கடித்தாள். வாயைத் திறந்தால் என்ன சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. பின்னால் அழுகை கரகரத்தது. பிறகு நின்றது.

அப்போது அவள் திரும்பியிருக்க வேண்டும். குழந்தை செத்துவிட்டது என்று நினைத்தாள். அப்படி நினைத்த பிறகும் திரும்பவில்லை. துணியை வாயிலிருந்து எடுத்தாள். குழாயைத் திறந்து அலசினாள். பிழிந்து குழாய்மேல் போட்டாள். அதன் பிறகுதான் குழந்தை மறுபடி சிணுங்கியது. அதன் பிறகுதான் பின்னால் அக்காவின் குரல், "அய்யய்யோ, என்னடி இது!" அக்கா செருப்புக் காலோடு ஓடி வந்து குழந்தையைத் தூக்கினாள்.

மற்றதையெல்லாம் அக்காதான் பார்த்தாள். தங்கையை மருத்துவரிடம் கூட்டிப் போனாள். மாதக்கணக்கில் கூடவே தங்கினாள். அது பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற ஒரு நோய், உங்கள் குற்றம் இல்லை என்று மருத்துவர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். பாசம் தாமதமாக வந்தது. வந்த பிறகு போகவே இல்லை.

அந்த மத்தியானம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். கணவனுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. "செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். மகளுக்குத் தெரியக் கூடாது. தங்கைக்கு இந்த உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான்.

துணி விஷயத்தை அவள் அக்காவிடமும் சொன்னதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது, ஒரு துணி.

இருவரும் தனியாக இருக்கும்போது எப்போதாவது அந்தப் பேச்சு வரும். அக்கா ஒரே மாதிரிதான் சொல்வாள். "கதவத் தொறந்தேன். பாத்தேன். ஒரே தாவு." மகளைக் கொஞ்சும்போதும் அதில் பாதியை மட்டும் சொல்வாள். "இந்தக் கைதான்டி வாலு, அன்னிக்கு உன்னத் தூக்கினது." மகள் அது ஆஸ்பத்திரியில் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு தாவலுக்காகத்தான் தங்கை இத்தனை வருஷமாகக் குடைந்துகொண்டிருந்தாள். அக்கா கேட்கவில்லை. கரடி வெடித்த அன்று இவளாகப் போய் உட்கார்ந்தாள். எந்த மிருகத்தின் அடியிலும் இவள் பெயர் இல்லை. அது இவளுக்குத் தோன்றியதும் இல்லை.

கண்காட்சி ஒரு மூடிப்போன அச்சகத்தின் மாடியில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. தரையில் இன்னும் மை வாசனை இருந்தது. மகளும் அவளும் போனபோது நல்ல கூட்டம். ஜன்னல் ஓரத்தில் ஒரு மூலையில் மட்டும் பத்துப் பேர் சேர்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாரு கண்ணு, ஆடு துணி தின்னுது" என்று ஒருவர் தோளில் இருந்த பிள்ளைக்குக் காட்டினார்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு சட்டை இருக்கு. கழட்டவே மாட்டாரு. இதுகிட்ட குடுத்துப் பாக்கணும்" என்றாள் ஒருத்தி. மறுபடி சிரிப்பு.

மகள் கூட்டத்துக்குள் தலையை நுழைத்தாள். அவளுக்குப் பதினாறு வயது. எங்கேயும் முதலில் தலைதான் போகும், பிறகுதான் ஆள்.

"ம்மா, வா வா. இது யாரு, சொல்லு பாக்கலாம்."

ஆடு ஒரு மண்சுவரைப் பார்த்து நின்றது. நெற்றி சுவரைத் தொடுவதற்கு ஒரு விரல் இடைவெளி. மடி கனத்து, வயிறு தொங்கியது. தான் குடைந்த வயிறு என்று பார்த்தவுடன் தெரிந்தது. தாடைக்குக் கீழே ஒரு மெல்லிய விரிசல், பூசி மறைத்திருந்தார்கள். அக்கா குடைந்த தலை, விரிசல் விடாமல் இருந்தால்தான் அதிசயம். உடம்பு முழுவதும் வெறும் சுட்ட மண். வாயில் இருந்த துணிக்கு மட்டும் பளபளப்புப் பூச்சு. அதனால் துணி ஈரமாகத் தெரிந்தது. இரண்டு காதுகளும் பின்னால் திரும்பியிருந்தன. பின்னால், கொஞ்சம் தள்ளி, தரையில் ஒரு குட்டி கிடந்தது. பலகையில் பெயர் எழுதியிருந்தது. மதியம்.

ஆட்டின் ஒரு பின்னங்கால் மற்றதன்மேல் ஏறியிருந்தது.

"ஒத்தக்கால்!" என்று மகள் கத்தினாள். "ம்மா, நீதான் இது! கடைசியில மாட்டினியா!"

கூட்டம் திரும்பி அவள் காலைப் பார்த்தது. அவள் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அட, ஆளே வந்திருக்காங்க" என்று பிள்ளைக்காரர் கைதட்டினார்.

அவள் காலை இறக்கினாள். கால் எங்கே போய் நிற்பது என்று தெரியாத மாதிரி தரையைத் தேடியது.

"அப்ப குட்டி நானா?" மகள் சுற்றிப் போய்ப் பின்னால் குந்தினாள். சிரித்துக்கொண்டேதான் குந்தினாள். குட்டியின் வாய் திறந்திருந்தது. கால்கள் ஆளுக்கொரு பக்கம். "என்ன இப்படிக் கெடக்கேன்?" என்றாள். பிறகு குட்டி இருந்த இடத்திலிருந்து நிமிர்ந்து ஆட்டைப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும். "ம்மா, ஏன் நீ அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கற?"

"ஆடுடி அது. ஆடு எந்தப் பக்கம் வேணா பாக்கும்."

சொன்ன குரல் சரியாக வரவில்லை. மகள் ஆட்டை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இங்கயே இரு. வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் அக்காவைத் தேடிப் போனாள்.

அக்கா பின்னறையில் இருந்தாள். காலிப் பெட்டிகள், வைக்கோல், கிழிந்த கோணி. நல்ல புடவை கட்டிக்கொண்டு ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"பாத்துட்டியா?"

"சொல்ல மாட்டேன்னு சொன்ன."

"எங்கடி சொன்னேன்? யார்கிட்ட சொன்னேன்? ஒரு ஆட்டப் பண்ணேன்."

"அது என் கால்."

"ஊர்ல எத்தன பேர் ஒத்தக்கால்ல நிக்கறாங்க. எல்லாரும் வந்து என் கால் என் கால்னு சண்டை போட முடியுமா?"

"அப்ப ஏன் கால என்கிட்ட குடையக் குடுக்கல?"

அக்கா பாட்டில் மூடியைத் திருகினாள்.

"தலையக் குடுக்கல. குட்டி ஒண்ணு இருக்குன்னே சொல்லல. வயித்த மட்டும் குடுத்த. என் வயித்த என்கிட்டயே குடுத்து, ரொம்ப மெல்லிசா எடுத்துடாதன்னு சொன்ன."

"எல்லாத்தையும் குடுத்தா பண்ண விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். தங்கை கதவைச் சாத்தினாள். வெளியே மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

"வெளிய வாலு நிக்கறா. குட்டி ஏன் இப்படிக் கெடக்குதுன்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

"ஆடுன்னு சொல்லு. பாக்கறவங்க எல்லாரும் சிரிக்கறாங்க இல்ல? யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான்டி மிருகம்." அக்கா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். குரலை இறக்கினாள். "கேளு. அது உன்னோடது மட்டும் இல்ல. நானும் அங்க இருந்தேன். யாரு தூக்கினா? கதவத் தொறந்தேன், பாத்தேன், ஒரே தாவு. இத்தன வருஷமா அது என் கண்ணுக்குள்ளயே நிக்குது. எனக்கும் எங்கயாவது எறக்கி வெக்கணுமா இல்லையா?"

தங்கையின் தலை குனிந்தது. தாவு என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் அது தானாகக் குனியும். வருஷக்கணக்கான பழக்கம். இப்போதும் குனிந்தது, ஒரு கணம் கோபமும் கூடவே குனிந்தது. உண்மைதானே. தூக்கியது அவள்தானே.

குனிந்த கண்ணுக்கு எதிரே, பெட்டியின் விளிம்பில், துடைக்கிற துணி ஒன்று மடித்துப் போட்டிருந்தது.

"துணி" என்றாள்.

"என்ன துணி?"

"ஆட்டு வாயில இருக்கற துணி. அது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆடுன்னா துணி தின்னும். இதுல என்ன தெரியறதுக்கு இருக்கு?"

"நாலா மடிச்சுத் தின்னாது."

அக்கா கையை விட்டாள்.

"நீ உள்ள வந்தப்ப துணி குழாய் மேல கெடந்தது" என்றாள் தங்கை. மெதுவாகச் சொன்னாள். தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "நான் அலசிப் போட்டுட்டேன். அது வாயில இருந்தப்ப குழந்த அழுதுட்டு இருந்தது. அப்புறம் நின்னுது. அப்புறம்தான் எடுத்தேன். அப்புறம்தான் அது மறுபடி அழுதது. அப்புறம்தான் உன் குரல் கேட்டுது. நீ எப்பக்கா வந்த?"

"கொஞ்சம் முன்னாடி."

"எவ்வளவு?"

"நான் என்ன கடிகாரமா பாத்துட்டு நின்னேன்?"

"அழுகை நின்னுதே. அப்ப இருந்தியா?"

அக்கா வைக்கோலைக் காலால் ஒதுக்கினாள். ஒதுக்கியதை மறுபடி ஒதுக்கினாள்.

"இருந்தேன்."

"செத்துருச்சுன்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"நெனச்சுமா நின்ன?"

"நீ நின்னியேடி." அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு மிருகத்துக்கு நிலை பிடிபட்டுவிட்டால் வருகிற வெளிச்சம். தங்கைக்கு அது நன்றாகத் தெரியும். "அந்தக் கால், அந்த முதுகு, பின்னால காது குடுத்துட்டு முன்னால பாத்து நின்னது. நான் அப்படி ஒண்ண அதுவரைக்கும் பாத்ததே இல்ல. அசைஞ்சா கலஞ்சிடும்னு…"

நிறுத்தினாள். சொன்னது அவள் காதிலும் விழுந்துவிட்டது.

"பண்ணணும்னு நிக்கல" என்றாள். "சத்தியமா. அப்ப எனக்கு மண்ணே தெரியாது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதற்கு அடுத்த வருஷம்தான் அக்கா மண் பிசைய ஒரு வகுப்பில் சேர்ந்தாள். முதலில் கரடி. பிறகு நாய், வாத்து, கழுகு. நிற்கிற நிலை மட்டும் மனுஷ நிலை.

"எனக்கு நோவுக்கா" என்றாள் தங்கை. "டாக்டர் சொன்னாரு. மாத்திரை குடுத்தாரு. உனக்கு என்ன?"

கதவைத் தட்டிவிட்டுக் கண்காட்சிக்காரர் தலையை நீட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "மேடம், ஆட்ட ஒருத்தர் கேக்கறாரு. குட்டி வேண்டாமாம். வீட்ல எடம் இல்லையாம். ஆடு மட்டும்."

"தனியாக் குடுக்கறதில்ல" என்றாள் அக்கா. வாய் தானாகச் சொன்னது.

தங்கை அவரைத் தாண்டி வெளியே போனாள்.

மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வழக்கமாக ஜன்னலுக்குச் சண்டை போடுவாள், கிடைத்த பிறகு வெளியே பார்க்காமல் பேசிக்கொண்டே வருவாள். இன்று வெளியே மட்டும் பார்த்தாள். தங்கைக்கு வழியெல்லாம் ஒரு பொய் தயாராக இருந்தது. ஆடு என்று சொல்லிவிடலாம். ஆடு ஆடாகவே இருந்துவிடும். மகளும் நம்பிவிடுவாள், அல்லது நம்பின மாதிரி இருப்பாள். அக்கா சொன்னது சரிதான், அதற்குத்தான் மிருகம். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டால் அதன் சாவி அக்காவிடம் இருக்கும். இனி ஒவ்வொரு கண்காட்சிக்கும் பயந்துகொண்டு போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார்கள். மகள் சமையலறைக்கு வந்து தண்ணீர் குடித்தாள். அதே சமையலறை. தொட்டியை மாற்றியிருந்தார்கள், குழாயை மாற்றியிருந்தார்கள்.

"குட்டி யாரும்மா?"

"நீ."

சொன்னாள். எதையும் விடவில்லை. பாய், அழுகை, கால், துணி. அழுகை நின்றது. நின்ற பிறகும் திரும்பாதது. மருத்துவர், மாத்திரை. சமாதானமாக ஒரு வார்த்தை சேர்க்கலாம் என்று இரண்டு இடத்தில் வாய் வந்தது, சேர்க்கவில்லை. கடைசியில் பெரியம்மா கதவருகில் நின்றதையும் சொன்னாள். மகள் குளிர்சாதனப் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். கையில் தம்ளர் அப்படியே இருந்தது.

"செத்துட்டேன்னு நெனச்சும் நீ திரும்பல."

"திரும்பல."

தம்ளரை வைத்துவிட்டு மகள் அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் கதவைத் தட்டவில்லை. சாதம் வைத்தாள். துணி மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். வெயில் இறங்கியபோது தாழ்ப்பாள் திறந்தது. மகள் முகம் கழுவியிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"இத்தன வருஷமா மறைச்சிருக்க."

"ஆமா."

"உன்கிட்ட தனியா பேச வேண்டியது நெறைய இருக்கு. இன்னிக்கு இல்ல. இன்னிக்குப் பேசினா கத்திடுவேன்."

"கத்து."

"மாட்டேன். நீ துணி குடுத்துடுவ." சொல்லிவிட்டு மகளே திடுக்கிட்டாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து இருவர் முகத்திலும் பாதியில் நின்றது. மகள் மேசையில் உட்கார்ந்து தட்டை இழுத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"நீ பாக்கவே இல்ல" என்றாள். "முதுகக் காட்டிட்டு நின்ன. அவங்க பாத்துட்டு நின்னாங்க. எது மோசம்னு எனக்கு இன்னும் தெரியல. ஆனா இந்தக் கைதான் உன்னத் தூக்கினதுன்னு என்ன ஒவ்வொரு தடவையும் கொஞ்சினாங்களேம்மா. நானும் அந்தக் கைக்கு முத்தம் குடுத்திருக்கேன்."

அவளும் அந்தக் கைக்காகக் குடைந்திருக்கிறாள். அதைச் சொல்லவில்லை. மோர் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் அக்கா கூப்பிட்டாள். தங்கை சமையலறையில், தொட்டி எதிரே நின்றபடி கைபேசியை எடுத்தாள்.

"நீர்நாய் பதத்துக்கு வந்துருச்சுடி" என்றாள் அக்கா. நேற்று என்று ஒன்று நடக்காத மாதிரி ஆரம்பித்தாள். ஆனால் மூச்சு வேகமாக இருந்தது. "அறுத்து வெச்சிட்டேன். தலை, கால் எல்லாம். எல்லாத்தையும் உன் மேசைலதான் வெச்சிருக்கேன். எதையும் எடுத்து வெக்கல."

தங்கையின் ஒரு கால் மற்றதன்மேல் ஏறியது.

"கேக்குதா? ஈரத்துணி போட்டிருக்கேன். ஆனா வெயில் ஜாஸ்தி. மத்தியானத்துக்குள்ள வந்துடு. இல்லன்னா காஞ்சிடும்."

பின்னால் ஒரு சத்தம். மகள் பள்ளிப் பையோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் காலை இறக்கினாள். தொட்டியை விட்டு மகள் பக்கம் திரும்பி நின்றாள்.

"காயட்டும்" என்றாள்.